யாம்ப்: ஒரு நடைச்சொல்லின் வரலாறு

நடத்தல் என்னும் ஒரே தொழிலைக் குறிக்க ஆங்கிலத்தார் வைத்திருக்கும் வினைச்சொற்களை எண்ணத் தொடங்கினால் விரல்கள் போதா. மாலைக் காற்று வாங்க மெல்ல உலவுவதற்கு ஒரு சொல். சேற்றில் காலை இழுத்து இழுத்து நடப்பதற்கு வேறொரு சொல். வேலையின்றித் திரிவதற்கு ஒன்று. மலையேறி மகிழ்வதற்கு மற்றொன்று. ஆங்கிலத்தைத் தமிழாக்குவதையே அன்றாட அலுவலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு இச்செல்வம் ஓயாத தொல்லை. அகராதியைப் புரட்டினால் பெரும்பாலானவற்றுக்கு நேரே 'நட' என்னும் ஒரே விடை நின்று நம்மைப் பார்த்து நகைக்கும்.

இச்சொற்களுள் வயதில் மிக இளையது 'யாம்ப்' என்பது. அகராதிகள் இதனைப் பேச்சுவழக்குச் சொல் என்று குறித்து, இதன் பொருளையும் தெளிவாகவே தருகின்றன: முதுகில் பெருஞ்சுமையுடன், பாதையற்ற கரடுமுரடான நிலத்தின் வழியே, நெடுந்தூரம் சளைக்காமல் நடத்தல். 1982-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இச்சொல்லைப் பெரும்பாலான ஆங்கிலேயரே கேட்டதில்லை. அவ்வாண்டின் நடுவில் அது அவர்களுடைய செய்தித்தாள்களின் முதற்பக்கத்தில் இருந்தது. ஒரு சொல் பொதுவழக்கில் புகுந்த மாதத்தையே சுட்டிக் காட்ட இயலுவது மொழி வரலாற்றில் அரிது. அவ்வளவு அண்மையில் வந்த சொல்லாயிருந்தும், அது எவ்வேரிலிருந்து முளைத்தது என்று வினவினால், அகராதிகள் 'பிறப்பு அறியப்படவில்லை' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகின்றன. இந்த வியப்பே இவ்வுரைக்குப் பொருள்.

சொல் புகழ்பெற்ற இடம் தென் அட்லாண்டிக் மாகடலில் உள்ள பாக்லாந்துத் தீவுகள். அர்ஜென்டினாவின் கரையிலிருந்து சுமார் 300 மைல். பிரிட்டனிலிருந்தோ 8,000 மைல். ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்த அத்தீவுகளை நெடுங்காலமாகத் தமதென்று கோரிவந்த அர்ஜென்டினர், 1982 ஏப்ரல் 2 அன்று படையிறக்கிக் கைக்கொண்டனர். பிரிட்டன் ஒரு கப்பற்படையை அனுப்பியது. மே 21 அன்று கிழக்குத் தீவின் மேற்குப் பக்கத்தில், சான் கார்லோஸ் என்னும் நீர்நிலையின் கரைகளில் அதன் வீரர்கள் இறங்கினர். தலைநகரான ஸ்டான்லியோ அதே தீவின் கிழக்கு முனையில் கிடந்தது. இடையே மக்கள் வாழ்ந்த ஊர்கள் ஒரு சில ஆட்டுப்பண்ணைகளே. சாலை என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ ஒன்றுமில்லை.

இத்தூரத்தை வீரர்கள் காலால் கடக்க வேண்டும் என்று படைத்தலைவர்கள் முதலில் எண்ணவில்லை. ஹெலிகாப்டர்களில் ஏற்றிக்கொண்டு போய் மலைகளின் அடிவாரத்தில் இறக்கிவிடலாம் என்பது கருத்து. அதற்கு வேண்டிய பெரிய ஹெலிகாப்டர்கள் 'அட்லாண்டிக் கன்வேயர்' என்னும் வணிகக் கப்பலில் வந்துகொண்டிருந்தன. மே 25 அன்று அர்ஜென்டின விமானங்கள் எய்த எக்ஸோசெட் ஏவுகணைகள் அக்கப்பலைத் தாக்கின. கப்பலின் தலைவர் உட்பட 12 பேர் மாண்டனர். சினூக் வகை ஹெலிகாப்டர்கள் மூன்றும் வெஸ்ஸெக்ஸ் வகை ஹெலிகாப்டர்கள் ஆறும் கப்பலோடு எரிந்து போயின. நான்காவது சினூக் ஒன்று மட்டும் அவ்வேளை வானில் இருந்தமையால் பிழைத்தது. ஒரு பெரும் படைக்கு எஞ்சிய வாகனம் அவரவர் கால்களே என்றாயிற்று.

மே 27 அன்று நடை தொடங்கியது. ராயல் மரீன்கள் எனப்படும் கடற்படைக் காலாட்களின் 45-ஆம் கமாண்டோப் பிரிவும், பாரசூட் படையின் 3-ஆம் பிரிவும் வடக்குப் பக்கமாகச் சுற்றி, டீல் இன்லெட் என்னும் சிற்றூர் வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றன. மூன்று நாளில் 56 மைல், ஒவ்வொருவர் முதுகிலும் 80 பவுண்டுச் சுமை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நம் கணக்கில் 90 கிலோமீட்டர், 36 கிலோ. நெல் மூட்டையில் பாதியைத் தோளில் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து காஞ்சிபுரத்தையும் தாண்டி நடப்பதாக நினைத்துப் பார்த்தால் அளவு ஒருவாறு விளங்கும்; நிலம் விளங்காது.

அந்நிலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. நம் நாட்டு நடைவழிகளை மனத்தில் வைத்து இச்சொல்லைப் பொருள்கொள்ள முடியாது. தென் கோளத்தில் மே, ஜூன் மாதங்கள் குளிர்காலத்தின் நுழைவாயில். மரமில்லாத வெட்டவெளியில் காற்று ஓயாது வீசும். மழையும் ஆலங்கட்டியும் பனியும் மாறி மாறிப் பொழியும். காலடியில் இருப்பது மண்ணென்று சொல்வதற்கில்லை. செத்த புல்லும் பாசியும் பல்லாயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறிப் படிந்த சதுப்பு அது. 'பீட்' என்பது அதன் பெயர். தீவுமக்கள் அதனைக் கட்டிகளாக வெட்டி உலர்த்தி அடுப்பெரித்து வந்தனர். அதன்மேல் முழங்கால் உயரத்துக்குப் புற்குவைகள். குவைமேல் கால் வைத்தால் கணுக்கால் பிசகும். இடையில் வைத்தால் நீரில் புதையும். இவை போதாவென்று, ஆறுபோல் நீண்டு கிடக்கும் பாறைத்துண்டுகளின் பரப்புகள் மலைச்சரிவுகளில் உள்ளன. கல்லாறு என்றே சொல்லிவிடலாம். 1833, 1834 ஆகிய ஆண்டுகளில் 'பீகிள்' கப்பலில் வந்திறங்கிய சார்லஸ் டார்வின் இக்கல்லாறுகளைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். பார்த்து வியக்க உகந்தவைதாம். இருட்டில் மூட்டையோடு கடக்க உகந்தவையல்ல.

வீரர்களுக்கு அளிக்கப்பட்டிருந்த பூட்ஸ் நீரைத் தடுக்கும் ஆற்றலற்றது. நாட்கணக்கில் நனைந்த காலுறைக்குள் பாதங்கள் வெளுத்து வீங்கி உணர்விழந்தன. முதல் உலகப்போரின் அகழிகளில் ஆயிரக்கணக்கானோரை முடமாக்கிய பாதநோய், 1982-இல் மீண்டும் மருத்துவர் குறிப்பேடுகளில் இடம்பெற்றது.

இந்நடையைத்தான் மரீன்கள் 'யாம்ப்' என்றனர். உடன்சென்ற செய்தியாளர்கள் அச்சொல்லைக் கேட்டனர்; அதன் ஓசையே செய்தியாக இருந்தது. சேற்றில் பூட்ஸ் புதைந்து எழும்புவது போன்ற ஒலி. அது இலண்டன் நாளேடுகளில் ஏறியது. சில நாளில் நாடெங்கும் பரவியது. பாரசூட் படையினர்க்கு இதில் மனக்குறை உண்டு. அதே நிலத்தை அதே சுமையோடு அவர்களும் கடந்தனர். ஆனால் அவர்கள் அதனை 'யாம்ப்' என்று சொல்வதில்லை. அவர்களுடைய சொல் 'டேப்'. 'போரை நோக்கிய தந்திர முன்னேற்றம்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களாக அதனை விரித்துரைப்பது வழக்கம். செய்தித்தாள்கள் இரு படையினரையும் ஒரே சொல்லால் அழைத்தபோது, தம் நடை பிறர் பெயரில் எழுதப்படுவதாக அவர்கள் கருதினர். எந்தச் சொல்லும் தனக்கென ஒரு குலத்தை வைத்திருக்கிறது என்பதற்கு இது சான்று.

ஜூன் 11-ஆம் நாள் இரவு இவ்விரு பிரிவுகளும் நடைமுடிவில் மலைப்போரில் இறங்கின. 45-ஆம் பிரிவு 'இரு சகோதரிகள்' எனப்பட்ட மலையையும், பாரசூட் பிரிவு லாங்டன் மலையையும் தாக்கின. ஜூன் 14 அன்று ஸ்டான்லியிலிருந்த அர்ஜென்டினப் படை சரணடைந்தது. நகரை நோக்கி வரிசையாக நடந்த மரீன்களை அவர்களுடைய படப்பிடிப்பாளர் ஒருவர் பின்னாலிருந்து எடுத்த புகைப்படம் உலகப்புகழ் பெற்றது. கடைசியில் செல்லும் வீரரின் முதுகுமூட்டையிலிருந்து வானொலிக் கருவியின் கம்பி நீண்டு நிற்கிறது. அதன் நுனியில் சிறிய பிரிட்டானியக் கொடி. வானொலி வெளியீடு ஒன்றைப் படிக்கும் நேயர்கள் அக்கம்பியையும் கவனிப்பார்கள் என்று நம்புகிறோம். கொடிக்கம்பம் சுமந்து வருவதற்கு அவர்களுக்கு இடமேது?

இனி, சொல்லின் பிறப்பு. மக்களிடையே மிகுதியாக உலவும் விளக்கம் ஒன்றுண்டு. வை, ஓ, எம், பி என்னும் நான்கு எழுத்துக்களும் 'யுவர் ஓன் மார்ச்சிங் பேஸ்', அதாவது 'உனக்கேற்ற நடைவேகம்' என்னும் தொடரின் முதலெழுத்துக்கள் என்பது அது. கேட்டவுடன் மனம் ஒப்புகிறது. எழுத்துக்கள் பொருந்துகின்றன, பொருளும் நடையைப் பற்றியதாகவே இருக்கிறது. ஆனால் சொல் ஆய்வாளர் இதனை ஏற்பதில்லை. அவ்வாறு ஒரு கட்டளை எழுதப்பட்ட படைநூல் எதுவும் காட்டப்படவில்லை. மேலும், அணிவகுத்துச் செல்லும் படையில் ஒவ்வொருவனும் தனக்கேற்ற வேகத்தில் நடக்கலாம் என்று எந்தத் தலைவன் சொல்வான்? சொல் முன்னே பிறந்து, விரிவு பின்னே பொருத்தப்பட்டது என்பதே தகும்.

இரண்டாவது கருத்து சற்று ஆராயத்தக்கது. மோட்டார் பந்தயக்காரரிடையே 'யம்ப்' என்றொரு சொல் 1960-களிலிருந்து வழங்குகிறது. மேடான இடத்தில் வண்டி தரையை விட்டு எழும்பித் தாவுவதை அது குறிக்கும். ஸ்வீடன் முதலிய வடநாட்டார் மொழிகளில் ஜகர எழுத்துக்கு யகர ஒலி. ஆகவே தாவுதலைக் குறிக்கும் ஆங்கில 'ஜம்ப்' அவர்கள் நாவில் 'யம்ப்' ஆயிற்று. 45-ஆம் கமாண்டோப் பிரிவு ஸ்காட்லாந்தில் ஆர்ப்ரோத் என்னும் ஊரைத் தளமாகக் கொண்டது; குளிர்காலங்களில் நார்வே நாட்டின் பனியில் பயிற்சி பெற்று வந்தது. அங்கே கேட்ட சொல் உருத்திரிந்து படைவீரர் பேச்சில் தங்கியிருக்கலாம் என்பது இக்கருத்து. ஓசைமாற்றம் நமக்குப் புதிதன்று. கொல்கத்தாவில் வாழும் நம்மவர் யாத்திரை 'ஜாத்ரா' ஆனதை நாள்தோறும் கேட்கின்றனர். டில்லியில் யமுனை 'ஜமுனா' ஆகிறாள். அங்கே யகரம் ஜகரமாகிறது, வடநாட்டார் நாவில் ஜகரம் யகரமாகிறது; வழி ஒன்றே, திசைதான் வேறு. எனினும், தாவுதல் எவ்வாறு சுமைநடை ஆயிற்று என்பதற்கு இடைப்படி கிடைக்கவில்லை. எனவே இதுவும் கருத்தளவில் நிற்கிறது.

முதலெழுத்து விளக்கங்களுக்கு மக்களிடம் இருக்கும் மயக்கம் பெரிது. நாகரிக உயர்வைக் குறிக்கும் 'பாஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லை நம் நகரங்களில் அனைவரும் ஆள்கிறோம். இந்தியாவுக்கு வந்த பி அண்டு ஓ கம்பெனிக் கப்பல்களில் செல்வர்கள் போகும்போது இடப்பக்க அறையும், திரும்பும்போது வலப்பக்க அறையும் கேட்டுப் பெற்றனர் என்றும், வெயில் படாத அவ்வறைகளுக்குரிய சீட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதலெழுத்துக்கள் பொறிக்கப்பட்டன என்றும் ஒரு கதை. எத்தனை அழகு! ஆனால் அவ்வாறு பொறித்த சீட்டு ஒன்றுகூட இதுகாறும் கிடைக்கவில்லை. ரேடார் போன்ற சில சொற்கள் மெய்யாகவே முதலெழுத்துக்களால் ஆனவை. அவற்றைக் கண்டு பழகிய நூற்றாண்டு, எல்லாச் சொல்லையும் அவ்வாறே பிரித்துப் பார்க்கத் தலைப்பட்டது.

பிழையான விளக்கம் எளியவர்க்கு மட்டும் உரியதன்று. காந்தியடிகள் மதித்துப் படித்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ, நடத்தலைப் பற்றி எழுதிய கட்டுரை 1862-இல், அவர் மறைந்த அடுத்த மாதம் வெளிவந்தது. அதில், உலவுதல் எனப் பொருள்படும் 'ஸாண்டர்' என்னும் வினையை அவர் 'ஸேன்த் தேர்' என்னும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வருவிக்கிறார். புண்ணிய பூமி என்பது அதன் பொருள். இடைக்காலத்தில் அங்கே போவதாகச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்து இரந்தவர்களிடமிருந்து சொல் பிறந்ததாம். ஆய்வாளர்கள் இதனை மறுத்துவிட்டனர். ஆனால் குதிரையின் மென்னடையைக் குறிக்கும் 'கான்டர்' என்னும் சொல், கான்டர்பரித் திருத்தலத்துக்குச் சென்ற யாத்திரிகர்களின் நிதான நடையிலிருந்து வந்தது என்பதை அதே ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கின்றனர். இரண்டும் யாத்திரைக் கதைகளே. ஒன்று பொய், மற்றொன்று மெய். கதையின் அழகைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. சான்று ஒன்றே அளவுகோல்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நாம் இவ்விடத்தில் நம்மையும் சற்றுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறமொழியாளர் நடுவே அமர்ந்திருக்கையில், ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் 'காசு' என்று பெருமையுடன் சொல்வது நம்மவர் வழக்கம். இதில் பாதி உண்மை. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்', பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. அதே எழுத்துக்களுடைய வேறொரு 'கேஷ்' உண்டு. அது கீழ்நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும். அச்சொல்தான் நம் காசு, போர்ச்சுகீசியர் வாய்வழியாகச் சென்றது. 1808-ஆம் ஆண்டிட்ட சென்னைக் கம்பெனி நாணயங்களில் '20 கேஷ்' என்று பொறித்திருப்பதைக் காணலாம். மெய்யான உறவு இருக்கையில், இல்லாத உறவையும் சேர்த்துச் சொன்னால், கட்டுமரமும் மிளகுதண்ணீரும் ஆங்கிலத்துக்குப் போன உண்மைகூடக் கேட்போர் செவியில் ஐயத்துக்கு இடமாகும். மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்விழிப்பு இன்னும் வேண்டும். 'யாம்ப்' என்பதன் முதலெழுத்து விரிவை மெய்யெனக் கொண்டு 'தன்வேக நடை' என்றொரு கலைச்சொல்லை யாரேனும் ஆக்கி அச்சிட்டுவிட்டால், ஆங்கிலத்தில் கதையாக இருப்பது தமிழில் இலக்கணமாகிவிடும். அச்சேறிய கலைச்சொல்லை அகற்றுவது எத்துணை அரிது என்பதைச் சொற்பட்டியல்களோடு உழலும் எவரும் அறிவர்.

படைவீரரின் கொச்சை என்று இச்சொல்லை இகழ்வதற்கும் இடமில்லை. இன்று காவல் நிலையங்களிலும் அரசு ஆணைகளிலும் மிடுக்குடன் விளங்கும் 'பட்ரோல்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம், சேற்றில் கால் அளைதலைக் குறித்த ஒரு பிரெஞ்சு வினை. பாசறையின் சேற்றில் பிறந்த பேச்சு, ஆணைகளின் மொழியாக உயர்ந்தது. அதற்கு நாம் ஆளும் 'ரோந்து'ம் போர்ச்சுகீசியரிடம் கொண்ட சொல்லே. சேறும் நடையும் சேர்ந்த 'யாம்ப்' அவ்வாறே உயருமா என்பது வருங்காலத்தின் பாடு. இதுவரை நேர்ந்தது வேறு. மலைவழிகளில் விடுமுறைக்கு உலாவச் செல்வோரும், கடைத்தெருவில் பையைத் தூக்கிக்கொண்டு அரைமைல் நடந்தோரும், தாம் 'யாம்ப்' செய்ததாகச் சொல்லத் தொடங்கினர். மரீன்களோ 1992-இல், போர்ட்ஸ்மத் நகரில் ஈஸ்ட்னி என்னும் இடத்திலிருந்த தம் அருங்காட்சியகத்தின் முன்னே, அந்தப் புகைப்படத்தைத் தழுவிய மாபெரும் சிலையொன்றை எழுப்பினர். பிலிப் ஜாக்சன் வடித்த அச்சிலையைத் திறந்து வைத்தவர், போர்க்காலத்தில் பிரதமராயிருந்த மார்கரெட் தாட்சர். அருங்காட்சியகம் 2017-இல் மூடப்பட்டது. சிலையின் பெயர் 'யாம்ப்பர்'.

சிலைக்குரிய நடை இருந்தது. மலையுச்சிகளில் காத்துக் கிடந்தவர்களுக்கு அதுவும் இல்லை. இரு சகோதரிகள் மலையில் அகழி வெட்டி இருந்த அர்ஜென்டினர் பலர், வெப்பம் மிகுந்த கொரியென்டெஸ் மாகாணத்திலிருந்து கட்டாயப் படைச்சேவைக்கு வந்த இளைஞர்கள். பலர்க்கு இருபது வயதும் நிறையவில்லை. அவர்கள் அத்தீவுகளை 'மால்வினாஸ்' என்றனர். பிரான்ஸின் ஸேன் மாலோ துறைமுகத்திலிருந்து அங்கே குடியேறியவர்களால் வந்த பெயர் அது. போரில் அர்ஜென்டினர் 649 பேரும், பிரிட்டானியர் 255 பேரும், தீவுப்பெண்கள் மூவரும் மடிந்தனர். ஒரு சொல்லை விளக்கப் புகுந்தவர்க்கு இவ்வெண்கள் எதற்கு என்று கேட்கலாம். ஓசையின் வேடிக்கையில் இவை மறைந்துவிடுகின்றன, ஆதலால் சொன்னோம்.

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு ஆக்குவது? வாகனம் போன பின் தன் காலையே வாகனமாகச் சொல்லிச் சிரிப்பது பல நாட்டாரிடமும் உண்டு. ஆங்கிலத்தார் காலால் நடப்பதைத் தம் முழங்காலின் கீழுள்ள எலும்பைக் குதிரையாக்கி, 'ஷாங்க்ஸின் குதிரை' என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். நாமோ கடைசி பஸ் போய்விட்டால் 'நடராஜா சர்வீஸ்' என்கிறோம். தில்லைக் கூத்தன் பெயரை நட, ராஜா என்று பிரித்து, அதன்மேல் ஒரு பஸ் கம்பெனியையே ஏற்றிவிட்ட அந்தக் குறும்பு, எந்நாட்டுச் சிப்பாயின் குறும்புக்கும் இளைத்ததன்று. ஹெலிகாப்டர் எரிந்தபின் நடந்தவர்களின் வாய்ச்சொல்லுக்கு மனநிலையில் மிக அண்மையானது இதுவே. ஆனால் இதில் சுமை இல்லை, சேறு இல்லை. 'லொங்கு லொங்கென்று நடந்தான்' என்றால் களைப்பு வருகிறது; வீரம் போய்விடுகிறது. 'பொடிநடை' என்பது இதற்கு முற்றிலும் எதிரானது.

ஆகவே இடமறிந்து ஆள்வதே நம் வழக்கம். வரலாற்று நூலில் அச்சொல் வந்தால் 'மூட்டை சுமந்து காடுமேடு கடந்தனர்' என்றெழுதி, சொல்லின் பெயரையே பேசுமிடத்தில் மட்டும் 'யாம்ப்' என்று ஆங்கில ஓசையை வைத்துக்கொள்கிறோம். கடைத்தெருவிலிருந்து திரும்பியவர் வேடிக்கையாகச் சொல்லும் இடமானால், தயங்காமல் நடராஜா சர்வீஸ்தான்.